மிதக்கும் றிக்கில் பலாஸ்ற் கட்டுப்பாடு: முதன்முறை மீள்பயிற்சிக்குப் போவோருக்கு

கடலடி எண்ணெய், எரிவாயுத் துறையின் கப்பல்களிலும் மிதக்கும் றிக்குகளிலும் (துளையிடும் மேடைகளிலும்) பலாஸ்ற், அதாவது கலத்தைச் சமநிலைப்படுத்தத் தாங்கிகளில் நிரப்பும் நீர், அதன் கட்டுப்பாட்டு அறையில் கடமையாற்றுகின்றவர்களை, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உறுதிநிலை (சரிந்தாலும் நிமிரும் தன்மை), பலாஸ்ற் கட்டுப்பாடு ஆகியவற்றில் மீள்பயிற்சி பெற்று வரும்படி கம்பனிகள் கேட்பது வழக்கம். இந்த அறிவித்தல் பெரும்பாலும் லீவில் வீட்டில் நிற்கும்போதுதான் வரும். பருத்தித்துறையிலோ காரைநகரிலோ இருந்துகொண்டு அதைத் திறந்து பார்க்கின்ற இளைஞர், முதற்பயிற்சியில் படித்தவற்றில் பாதி மறந்துபோயிருப்பதை அப்போதுதான் உணர்வார். அப்படி முதன்முறையாக மீள்பயிற்சிக்குப் போகின்றவர்கள் வீட்டில் என்ன ஆயத்தம் செய்ய வேண்டும், வகுப்பிலும் சிமியுலேற்றரிலும் எதைக் கவனிக்க வேண்டும், திரும்பிக் கப்பலேறியதும் எதைச் செய்ய வேண்டும் என்பவற்றை இக்கட்டுரை வரிசைப்படி சொல்கிறது.

இந்தப் பயிற்சியைச் சூத்திரங்களை நினைவூட்டும் வகுப்பாகவே பலரும் எண்ணுகின்றனர். சூத்திரம் வேண்டியதுதான், ஆனால் அதைவிடப் பெரிய தேவை ஒன்று உண்டு. மிதக்கும் கலம் ஏன் சரிந்தது என்று தெரியும்வரை எந்த வால்வையும் திறக்காமல் இருக்கின்ற பழக்கமே அது. வேலைப் பழக்கத்தில் கை விரைவாகிவிடும். விரைவான கை சில வேளைகளில் மூளையை முந்திவிடும். மீள்பயிற்சியில் திருத்த வேண்டியது அந்த விரைவைத்தான் என்பது என் கருத்து.

முதலில் எந்தப் பயிற்சி என்று உறுதிசெய்யுங்கள்

மிதக்கும் கலங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பாடநெறி கிடையாது. இரு பொன்ரூன்களின்மேல் (அடியிலுள்ள நீண்ட மிதவைகளின்மேல்) தூண்கள் நின்று தளத்தைத் தாங்குகின்ற செமி வகை, கால்களைக் கடலடியில் ஊன்றுகின்ற ஜக்கப், துளையிடும் கப்பல், றிக்குகளுக்குப் பொருள் கொண்டுசெல்லும் சப்ளைக் கப்பல், நங்கூரம் கையாளும் கப்பல் ஆகிய ஒவ்வொன்றின் உறுதிநிலைச் சிக்கலும் வேறு. மிதக்கும் றிக்குகளின் பணியாளர் பயிற்சிக்குச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2013 இல் ஏற்றுக்கொண்ட ஏ.1079(28) என்ற தீர்மானமே பரிந்துரைகளை வகுத்துள்ளது. றிக்கின் பொறுப்பதிகாரி, பார்ஜ் மேற்பார்வையாளர், பலாஸ்ற் ஒப்பரேற்றர், பராமரிப்பு மேற்பார்வையாளர் ஆகிய பதவிகளுக்கு அது தனித்தனியாகத் தகுதிகளைச் சொல்கிறது. உங்கள் பதவிக்கும் கலத்தின் வகைக்கும் எந்தச் சான்றிதழ் தேவை, எந்த நாட்டின் கடல்சார் நிர்வாகம் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பவற்றைக் கம்பனியின் பணியாளர் பிரிவிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். தொலைபேசியில் சொன்னதை நம்பிப் பணம் கட்டிவிட்டு, பிறகு அந்தச் சான்றிதழ் செல்லாது என்று கேள்விப்பட்டவர்கள் வடமராட்சியில் இருக்கிறார்கள். கப்பற் கொடியின் நாடு ஒன்று, கலம் வேலை செய்யும் கடற்பரப்பின் நாடு வேறொன்று என்பது இத்துறையில் சாதாரணம். இரண்டையும் கேட்க வேண்டும்.

கடவுச்சீட்டு, கடலோடிப் பதிவுப் புத்தகம், மருத்துவச் சான்றிதழ், பழைய பயிற்சிச் சான்றிதழின் மூலப்பிரதி ஆகியவற்றின் காலாவதித் திகதிகளை இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். பயிற்சி நடப்பது பெரும்பாலும் வெளிநாட்டில்தான். பலாலியிலிருந்து சென்னை ஊடாகவோ கட்டுநாயக்காவிலிருந்தோ போனாலும், வகுப்புக்கு முதல்நாள் போய்ச் சேர்ந்து ஒரு இரவு நித்திரை கொள்ளக்கூடியதாகப் பயணத்தை ஒழுங்குசெய்வது நல்லது. நித்திரை இல்லாத மூளைக்கு உறுதிநிலைக் கணக்கு ஓடாது.

வீட்டில் செய்ய வேண்டிய கணக்கு

உங்கள் கலத்தின் செயற்பாட்டுக் கைநூலையும் உறுதிநிலைக் கைநூலையும் கம்பனியின் அனுமதியோடு வாங்கிக்கொள்ளுங்கள். பொதுவான பாடப்புத்தகத்தை வாசிப்பதைவிட, சொந்தக் கலத்தின் தாங்கிகளை வரைந்து பழகுவது பன்மடங்கு பயன் தரும். ஒரு வெள்ளைத் தாளில் இரு பொன்ரூன்களையும் வரைந்து, ஒவ்வொரு தாங்கியின் பெயர், கொள்ளளவு, மையக் கோட்டிலிருந்து அதன் தூரம், அடித்தட்டிலிருந்து அதன் உயரம் ஆகியவற்றைக் குறியுங்கள். பம்பி அறை எங்கே இருக்கிறது என்பதையும் அதே தாளில் குறிக்கத் தவறவேண்டாம். அதன் முக்கியத்துவம் பின்னால் வரும்.

உயர்தரத்தில் பௌதிகவியலோ இணைந்த கணிதமோ படித்தவர்களுக்கு அடிப்படை ஏற்கெனவே தெரியும். கலத்தின் நிறை புவியீர்ப்பு மையத்தினூடாகக் கீழே தாக்குகிறது. மேலுதைப்பு மிதப்பு மையத்தினூடாக மேலே தாக்குகிறது. கலம் சிறிது சரியும்போது மேலுதைப்பின் கோடு நடுக்கோட்டை வெட்டும் புள்ளி மெற்றாசென்ரர். புவியீர்ப்பு மையத்திலிருந்து அப்புள்ளி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதுவே ஜீஎம். அது நேர் எண்ணாக இருந்தால் கலம் நிமிரும்; மறை எண்ணாக இருந்தால் நிமிராது. இதற்குமேல் தத்துவம் தேவையில்லை, கணக்குத்தான் தேவை.

ஓர் உதாரணத்தை முழுமையாகச் செய்து பார்ப்போம். 25,000 தொன் இடப்பெயர்ச்சியுள்ள (விலக்கும் நீரின் நிறை, அதாவது கலத்தின் மொத்த நிறை) ஒரு செமியின் புவியீர்ப்பு மையம் அடித்தட்டிலிருந்து 17.5 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, ஜீஎம் 2.0 மீற்றர். சப்ளைக் கப்பலிலிருந்து 200 தொன் துளையிடும் குழாய்கள் தளத்தில் ஏற்றப்படுகின்றன. அவற்றின் மையம் 36 மீற்றர் உயரத்தில் உள்ளது. கலம் நீரில் அமிழ்ந்திருக்கும் ஆழம், அதாவது ட்ராஃப்ற், மாறக்கூடாது என்பதால் பொன்ரூனிலிருந்து 200 தொன் பலாஸ்ற் நீரை வெளியேற்றுகிறீர்கள். அந்த நீரின் மையம் 3 மீற்றர் உயரத்தில் இருந்தது. மொத்த நிறை மாறவில்லை. ஆனால் 200 தொன் நிறை 3 மீற்றரிலிருந்து 36 மீற்றருக்கு ஏறியதற்குச் சமமான மாற்றம் நிகழ்ந்துவிட்டது. 200 ஐ 33 ஆல் பெருக்கி 25,000 ஆல் வகுத்தால் 0.264 மீற்றர். ஆகவே புவியீர்ப்பு மையம் 26 சென்ரிமீற்றர் உயர்ந்து, ஜீஎம் 1.74 ஆகக் குறைகிறது. புதிதாக வருகின்றவர்கள் குழாயின் நிறையை மட்டும் கணக்கில் எடுத்து, அடியிலிருந்து போன நீரை மறந்துவிடுவார்கள். ஏற்றிய நிறை ஒரு பக்கம் ஜீஎம்மைக் கடித்தால், வெளியேற்றிய நீர் மறுபக்கம் கடிக்கிறது.

கணக்கு அதோடு முடியவில்லை. அந்த 200 தொன் நீரை, நிரம்பியிருந்த இரு தாங்கிகளிலிருந்து நூறு நூறு தொன்னாக எடுத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு தாங்கியும் 20 மீற்றர் நீளமும் 12 மீற்றர் அகலமும் கொண்டது. இப்போது இரண்டும் பாதி நிலைத் தாங்கிகள், அதாவது முழுதும் நிரம்பாதவை. நீர் மேற்பரப்பு தாராளமாக அசையும். நெடுந்தீவிலும் வேலணையிலும் தண்ணீர் கொண்டுவரும் பவுசர், அரைவாசி நிரம்பிய நிலையில் வளைவில் திரும்பும்போது எப்படி ஒருபக்கம் தள்ளுகிறதோ அப்படித்தான் இதுவும். நீளத்தை அகலத்தின் மும்மடியால் பெருக்கி 12 ஆல் வகுத்தால் 2,880. கடல்நீரின் அடர்த்தி 1.025 ஆல் பெருக்கினால் 2,952. அதை 25,000 ஆல் வகுத்தால் ஒரு தாங்கிக்கு 0.118 மீற்றர். இரண்டுக்கும் சேர்த்து 24 சென்ரிமீற்றர். ஜீஎம் இப்போது ஏறத்தாழ 1.50. ஒரே ஒரு சரக்கு ஏற்றத்தில் அரை மீற்றர் போய்விட்டது. அதே தாங்கியின் நடுவே நீளப்போக்கில் ஒரு தடுப்புச் சுவர் இருந்திருந்தால் இழப்பு நாலில் ஒன்றாகியிருக்கும். அகலம் மும்மடியாகக் கணக்கில் வருவதே காரணம். தாங்கியில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதல்ல, மேற்பரப்பு எவ்வளவு அகலம் என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

இதன் விளைவு சரிவில் தெரியும். தளத்தில் 100 தொன் நிறை குறுக்காக 30 மீற்றர் நகர்ந்தால் 3,000 தொன்-மீற்றர் திருப்பம் உண்டாகும். ஜீஎம் 2.0 ஆக இருந்தபோது அது 3.4 பாகை லிஸ்ற்றை (பக்கச் சரிவை) தந்திருக்கும், 1.5 ஆன பிறகு 4.6 பாகையைத் தரும். நேற்றுச் செய்த அதே வேலைக்கு இன்று கலம் கூடச் சரிகிறது என்றால் ஒன்று கணக்கில் விடுபட்டிருக்கிறது. அல்லது எங்கோ நீர் புகுந்திருக்கிறது.

இன்னொரு எண்ணையும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். செமியின் நீர்க்கோட்டில் இருப்பவை தூண்கள் மட்டுமே. 12 மீற்றர் சதுரத் தூண்கள் நான்கு என்றால் நீர்க்கோட்டுப் பரப்பு 576 சதுர மீற்றர். ஒரு சென்ரிமீற்றர் அமிழ்த்த ஆறு தொன்னுக்கும் சற்றுக் குறைவு போதும். அந்த 200 தொன்னை நீர் வெளியேற்றாமல் ஏற்றினால் கலம் 34 சென்ரிமீற்றர் தாழும். சாதாரணக் கப்பலில் பழகியவர் செமிக்கு வரும்போது முதலில் தடுமாறுவது இந்த இடத்தில்தான். பொன்ரூன்கள் நீர்மட்டத்தில் இருக்கும் பயண நிலையிலிருந்து தூண்கள் வரை அமிழ்த்தும்போது நீர்க்கோட்டுப் பரப்பு சடுதியாகச் சுருங்குவதால், பொன்ரூனின் மேற்தட்டு நீரினுள் போகும் கட்டத்தில் ஜீஎம் மிகவும் குறைந்துவிடும். அந்தக் கட்டத்தைக் கைநூலில் தேடிப் பார்த்து, உங்கள் கலத்துக்கு எத்தனையாவது மீற்றர் ட்ராஃப்ற்றில் அது வருகிறது என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்குகளைக் கப்பலின் லோடிங் கொம்பியூட்டர் நொடியில் செய்துவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. செய்யும்தான். ஆனால் தவறான தாங்கி அளவைக் கொடுத்தாலும் அது அதே நொடியில் ஒரு விடை தரும். விடை எந்த அளவில் இருக்க வேண்டும் என்று கையால் கணித்துப் பழகியவருக்கே அது பிழை என்று தெரியும்.

ஓஷன் றேஞ்சரைப் படிக்காமல் போகாதீர்கள்

பெரும்பாலான பயிற்சிகளில் இந்த விபத்து பேசப்படும். 1982 பெப்ரவரி 15 அதிகாலையில், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்குக் கிழக்கே கிராண்ட் பாங்க்ஸ் கடற்பரப்பில் ஓஷன் றேஞ்சர் என்ற செமி மூழ்கியது. அதில் இருந்த 84 பேரும் இறந்தார்கள். அதன் பலாஸ்ற் கட்டுப்பாட்டு அறை ஒரு தூணினுள் அமைந்திருந்தது. முன்னைய நாள் மாலைப் புயலில் அலை மோதி அவ்வறையின் கண்ணாடிச் சாளரத்தை உடைத்தது. அதற்குரிய இரும்பு மூடி மூடப்பட்டிருக்கவில்லை. உள்ளே வந்த கடல்நீர் கட்டுப்பாட்டுப் பலகையை நனைத்தது. பின்னர் பலாஸ்ற் வால்வுகள் திறந்து றிக் முன்பக்கமாகத் தாழ்ந்தது. வால்வுகளைக் கையால் இயக்குவதற்கென வைத்திருந்த பித்தளைக் கம்பிகள் பலகையில் செருகப்பட்டன; அவை வால்வுகளை மூடவில்லை, திறந்தன. பம்பி அறைகள் பின்புறத்தில் இருந்ததால், முன்பக்கம் தாழ்ந்த நிலையில் முன் தாங்கிகளிலிருந்து நீரை இழுக்க முடியாமற் போனது. பிறகு நங்கூரச் சங்கிலி அறைகளுக்குள்ளும் நீர் புகுந்தது. 1984 இல் வெளிவந்த விசாரணை ஆணைக்குழுவின் அறிக்கை, பணியாளருக்குத் தகுந்த பயிற்சி இல்லாததையும் முக்கிய குறையாகக் குறிப்பிட்டது.

இந்த விபத்தைப் படிக்கும்போது இரங்கலோடு நின்றுவிடாமல், உங்கள் சொந்தக் கலத்தைப் பற்றிய கேள்விகளாக அதை மாற்றுங்கள். மின்சாரம் போனால் எங்கள் வால்வுகள் தாமாக மூடுமா? மிதக்கும் றிக்குகளுக்கான சர்வதேச விதிக் கோவை அப்படித்தான் இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் உங்கள் கலத்தில் அதைக் கடைசியாகச் சோதித்தது எப்போது? கையால் இயக்கும் பிடியை எந்தப் பக்கம் திருப்பினால் திறக்கும், எந்தப் பக்கம் மூடும்? அந்த வால்வு உண்மையில் மூடிவிட்டது என்பதைப் பலகையின் விளக்கைத் தவிர வேறு எப்படி உறுதிசெய்வீர்கள்? முன்பக்கம் எத்தனை பாகை தாழ்ந்தால் எந்தத் தாங்கியிலிருந்து நீரை இழுக்க முடியாது? தாளில் பம்பி அறையைக் குறிக்கச் சொன்னது இதற்காகத்தான். விடை தெரியாத கேள்விகளை எழுதிக்கொண்டு போய்ப் பயிற்றுநரிடம் கேளுங்கள். கேள்வியோடு வருகின்ற ஒருவரால் வகுப்பு முழுவதுமே பயனடையும்.

சிமியுலேற்றர் அறையில்

சிமியுலேற்றரில் நீங்கள் ஒரு பலகையின் முன் இருப்பீர்கள். தாங்கிகளின் அளவுகள், வால்வுகள், பம்பிகள், லிஸ்ற், ட்ரிம் (முன்பின் சரிவு) எல்லாம் திரையில் தெரியும். முதல் பயிற்சிகள் சாதாரணமானவை: சரக்கு ஏற்றுதல், ட்ராஃப்ற் மாற்றுதல், புயல் வருமுன் கலத்தை உயர்த்துதல். கடைசியாகச் சொன்னதில் நேரத்தைக் கவனியுங்கள். செமியின் பலாஸ்ற் அமைப்பு, ஆகக் கூடிய செயற்பாட்டு ட்ராஃப்ற்றிலிருந்து 4.6 மீற்றரோ, புயல் ட்ராஃப்ற் (கடும் புயலில் கலம் நிற்க வேண்டிய அமிழ்வு ஆழம்) வரையோ, எது கூடிய தூரமோ அந்த அளவுக்கு, மூன்று மணித்தியாலத்துக்குள் கலத்தை உயர்த்தக்கூடியதாக இருக்க வேண்டும் என்று கோவை விதிக்கிறது. இயந்திரத்தால் முடியும் என்பதற்காக ஆளாலும் முடியும் என்று எண்ணிவிடக்கூடாது. முடிவை எடுக்கத் தாமதித்த நேரமும் அந்த மூன்று மணித்தியாலத்தோடு சேரும்.

பிறகு பயிற்றுநர் ஏதாவது ஒன்றைப் பழுதாக்குவார். எதிர்பாராமல் ஒன்றரைப் பாகை லிஸ்ற் வருகிறது. இந்தக் கணத்தில்தான் கை தானாக எதிர்ப்பக்கத் தாங்கியின் வால்வுக்குப் போகும். நீண்டகாலம் றிக்குகளில் வேலை செய்த வல்வெட்டித்துறை அண்ணை ஒருவர் புதியவர்களிடம் சொல்வது: "தம்பி, முதல்ல கையை எடுத்திட்டுப் பார்." நடந்துகொண்டிருக்கும் நீர் மாற்றங்கள் யாவற்றையும் நிறுத்துங்கள், வால்வுகளை மூடுங்கள், மூடியதை உறுதிசெய்யுங்கள், பொறுப்பதிகாரிக்கு அறிவியுங்கள். அதன் பின் காரணத்தைத் தேடுங்கள். கிரேன் எந்தப் பக்கம் நிற்கிறது? துளையிடும் சேறு ஒரு தொட்டியிலிருந்து மற்றதற்கு மாற்றப்பட்டதா? காற்றின் திசை மாறியதா? நங்கூரக் கம்பிகளில் ஒன்றின் இழுவை குறைந்ததா? எந்தத் தாங்கியிலாவது அளவு தானாகக் கூடுகிறதா, குறைகிறதா? அளவுமானி காட்டுவதைக் கையால் அளந்து பார்க்க முடியுமா?

காரணம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும் இரு சரிவுகளுக்கு மருந்து நேரெதிரானது. ஒருபக்க நிறையால் வந்த லிஸ்ற் எப்போதும் அதே பக்கத்தில்தான் நிற்கும். எதிர்ப்பக்கத்தில் நிறை சேர்த்தால் அல்லது நீரை மாற்றினால் நிமிரும். மேலே சொன்ன 3,000 தொன்-மீற்றர் லிஸ்ற்றை, 60 மீற்றர் இடைவெளியுள்ள இரு தாங்கிகளுக்கிடையே 50 தொன் நீரை மாற்றினால் சரிசெய்துவிடலாம். ஆனால் ஜீஎம் மறையாகியதால் வந்த சரிவு வேறு. கலம் மந்தமாக, நீண்ட நேரம் எடுத்து ஆடும். ஒருபக்கம் சாய்ந்து நின்று, சிறு தள்ளலில் மறுபக்கம் போய்விடும். இதற்கு உயர்ந்த பக்கத் தாங்கியை நிரப்பினால் கலம் மறுபக்கம் புரண்டு, முன்னையதைவிடக் கூடிய கோணத்தில் போய் நிற்கும். சில வேளை நிற்காமலும் போகலாம். பாதி நிலைத் தாங்கிகளைக் குறைத்து, புவியீர்ப்பு மையத்தைக் கீழிறக்குவதே வழி. அடியில் நீர் சேர்ப்பதாயின் தாழ்ந்த பக்கத்துச் சிறிய தாங்கியிலிருந்து தொடங்க வேண்டும். தாழ்ந்த பக்கத்தில் இன்னும் நீரா என்று மனம் மறுக்கும். அதனாலேயே இதைச் சிமியுலேற்றரில் ஒருமுறையாவது கண்ணால் காண வேண்டும்.

பேச்சிலும் ஒழுங்கு வேண்டும். கட்டளையைக் கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். செய்து முடித்ததும் முடிந்தது என்று அறிவிக்க வேண்டும். ஆங்கிலத்தில் பேசத் தயங்கி, விளங்காத கட்டளைக்கும் "ஓகே" சொல்லிவிடுகின்ற வழக்கம் நம்மவர்களிடம் உண்டு. விளங்கவில்லை என்றால் விளங்கவில்லை என்றே சொல்லுங்கள். அதற்காக எவரும் உங்களைத் தோல்வியடையச் செய்யமாட்டார்கள்.

நங்கூரம் கையாளும் கப்பல்களில் இருப்பவர்களுக்கு

உங்களுக்குப் பலாஸ்ற்றைவிடச் சங்கிலியின் இழுவையே பெரிய பகை. 2007 ஏப்ரல் 12 இல் ஷெட்லண்ட் தீவுகளுக்கு மேற்கே, ஒரு றிக்கின் நங்கூரத்தைக் கையாண்டுகொண்டிருந்த பூர்பொன் டொல்பின் கவிழ்ந்து எட்டுப்பேர் உயிரிழந்தார்கள். பின்தளத்தில் சங்கிலி பக்கவாட்டில் நகர்ந்து, அதன் இழுவை கப்பலைச் சரித்தது. நங்கூர வேலை, இழுவை, பாரம் தூக்கல் ஆகியவற்றுக்கான தனி உறுதிநிலை அளவீடுகள் கப்பல்களின் உறுதிநிலைக்கான சர்வதேசக் கோவையில் சேர்க்கப்பட்டு 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன. உங்கள் கப்பலில் எந்தக் கோணத்தில் எவ்வளவு இழுவை வரை அனுமதிக்கப்படுகிறது என்ற அட்டவணை எங்கே ஒட்டப்பட்டிருக்கிறது என்று வகுப்புக்குப் போகுமுன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

திரும்பிக் கப்பலேறிய பின்

முதல் கடமை மாற்றத்திலேயே, முன்னையவர் தரும் தாங்கி அளவுகளை நீங்கள் தனியாகக் கணித்து ஒப்பிடுங்கள். கணித்த ட்ராஃப்ற்றும் பார்த்த ட்ராஃப்ற்றும் பொருந்தாவிட்டால் வித்தியாசத்தை எழுதிவையுங்கள். அது நாளுக்கு நாள் ஒரே திசையில் வளர்கிறதா என்று பாருங்கள். கலத்தில் புதிதாகப் பொருத்தப்படும் ஒவ்வொரு இயந்திரமும் வெறுங்கலத்தின் நிறையை மாற்றுகிறது. செமிகளின் வெறுங்கல நிறையைக் குறித்த இடைவெளியில் சரிபார்க்க வேண்டும் என்றும், மாற்றம் செயற்பாட்டு இடப்பெயர்ச்சியின் நூற்றுக்கு ஒரு வீதத்தைத் தாண்டினால் கலத்தைச் சரித்துப் பார்க்கும் சோதனையை மீண்டும் நடத்த வேண்டி வரலாம் என்றும் றிக்குகளுக்கான கோவை சொல்கிறது. அந்தக் கணக்கு சரியாக வருவது, அன்றாடப் பதிவேட்டில் நீங்கள் சோம்பாமல் எழுதுகின்ற வரிகளைப் பொறுத்தது.

சான்றிதழைப் பெறும்போது, அந்த இடத்திலேயே நின்று பெயரை வாசித்துப் பாருங்கள். தகப்பன் பெயர் முன்னால் வரும் நமது வழக்கத்தால், கடவுச்சீட்டில் ஒரு விதமாகவும் சான்றிதழில் வேறு விதமாகவும் பெயர் பதியப்படுவது அடிக்கடி நடக்கிறது. எழுத்துக்கு எழுத்து கடவுச்சீட்டோடு பொருந்தாவிட்டால் அன்றே திருத்தித் தரும்படி கேளுங்கள்; யாழ்ப்பாணம் வந்த பிறகு அதைத் திருத்த மாதங்கள் ஆகும். பிரதிகளில் ஒன்றை வீட்டில் வைத்துவிட்டு, மற்றதைக் கடலோடிப் பதிவுப் புத்தகத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.